எம்340ஐ, சி43, எஸ்5: வேலூர்ல இருக்கறவங்க எத எடுக்கறது?

வேலூர்ல தினமும் ஓட்டணும், அப்பப்ப இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்லயும் எறக்கணும், பிஎம்டபிள்யூ எம்340ஐ, மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி43, ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக் மூணுல எது, ஹெச்பி அதிகமா இருக்கறதால சி43 தானேன்னு கேட்டிருக்கீங்க. என் பதில் எம்340ஐ. ஹெச்பிய வெச்சு இந்த மூணையும் அளக்கவே முடியாது.

நான் சத்துவாச்சாரில டயர், வீல் அலைன்மென்ட் வேலை பாக்கறேன். ஆம்பூர், ராணிப்பேட்டை லெதர் கம்பெனிக்காரங்க வண்டிங்க நம்மகிட்ட வரும், சிலது ட்ராக் முடிச்சிட்டு அந்த நூறு கிலோமீட்டரும் ஓட்டிகினு நேரா வந்து நிக்கும். டயரையும் பிரேக் பேடையும் பாத்தாலே வண்டி எங்க கஷ்டப்பட்டுச்சுன்னு புரிஞ்சிடும்.

முதல்ல நம்பர். சி43 408 ஹெச்பி, எம்340ஐ 374 (ஆரம்பத்துல வந்தது 387), எஸ்5 354. டார்க், அதாவது இன்ஜினோட இழுவை, மூணுத்துக்கும் ஒரே 500 என்எம், டாப் ஸ்பீடும் மூணுத்துக்கும் 250ல லிமிட். 0-100 கம்பெனி கணக்குல எம்340ஐ 4.4 செகண்ட், சி43 4.6, எஸ்5 4.8. பவர் அதிகமா இருக்கற சி43 இதுல பின்னாடி நிக்குது பாருங்க.

எஸ்5ல வி6 இன்ஜின் முன் ஆக்ஸிலுக்கும் முன்னாடி உக்காந்திருக்கு. மூக்குல வெயிட் இருந்தா கார்னர்ல ஸ்டியரிங்க திருப்பினாலும் வண்டி நேரா போகத்தான் பாக்கும், அந்த பாரத்த எல்லாம் முன் டயரோட வெளி ஓரம் தான் தாங்கணும். ட்ராக் முடிச்சு வந்த எஸ்5ஓட முன் டயர கையால தடவிப் பாத்தீங்கன்னா நடுவுல பட்டன் எல்லாம் அப்படியே இருக்கும், வெளி ஷோல்டர் மட்டும் தோல் உரிஞ்ச மாதிரி சுருள் சுருளா வந்து நிக்கும். அதே ட்ராக் முடிச்ச எம்340ஐ டயர் நாலும் கிட்டத்தட்ட சமமா தேய்ஞ்சிருக்கும், ஏன்னா அதுல இன்லைன் 6 பின்னாடி தள்ளி இருக்கு, எக்ஸ்டிரைவ்ங்கற நாலு வீல் டிரைவ் பவர பின்னாடி தான் அதிகம் அனுப்புது, பின் ரெண்டு சக்கரத்துக்கும் பவர பிரிச்சு குடுக்கற எம் ஸ்போர்ட் டிஃபரன்ஷியலும் இருக்கு, அதனால கார்னர் பாதியில ஆக்ஸிலரேட்டர மிதிச்சா வண்டி வெளிய ஓடாம உள்ள திரும்பும். ட்ராக்ல சந்தோஷம்னா எனக்கு அது தான்.

சி43ய கொறச்சு பேச மாட்டேன். வெறும் 2 லிட்டர், நாலு சிலிண்டர்ல 408 எடுக்கறது சும்மா இல்ல, டர்போ ஷாஃப்ட்லயே ஒரு எலக்ட்ரிக் மோட்டார வெச்சு, எக்ஸாஸ்ட் பிரஷர் ஏறறதுக்கு முன்னாடியே சுத்த விடறாங்க, ஃபார்முலா 1லேர்ந்து வந்த வேலை. பின் சக்கரமும் 2.5 டிகிரி வரைக்கும் திரும்பும், வேகம் 100க்கு கீழ இருந்தா முன் சக்கரத்துக்கு எதிரா, அதுக்கு மேல அதே பக்கமா. ட்ராக்ல ரொம்ப ஷார்ப்பா இருக்கும். ஆனா கிரீன் சர்க்கிள் ட்ராஃபிக்ல மெதுவா உருட்டிகினு போகும்போது அந்த 9 கியர் பாக்ஸ் லேசா உதைக்கும், சஸ்பென்ஷனும் இறுக்கம். தினமும் காட்பாடி பாலம் தாண்டறவங்களுக்கு இது அலுத்துடும்.

இந்த மூணு பேர் சண்டை இன்னைக்கு நேத்து வந்ததில்ல. ஜெர்மனியில நடக்கற டிடிஎம் கார் ரேஸ் சாம்பியன்ஷிப்ப 1987லயும் 1989லயும் பிஎம்டபிள்யூ எம்3, 1990லயும் 1991லயும் ஆடி வி8, 1992ல மெர்சிடிஸ் 190இ ஜெயிச்சுது. அதுலயும் ஆடி கொண்டாந்தது பெரிய வெயிட்டான குவாட்ரோ (ஆடியோட நாலு வீல் டிரைவ்) செடான், அது சின்ன எம்3ய ரெண்டு வருஷம் அடிச்சிடுச்சு. அதனால ஆடின்னாலே ட்ராக்குக்கு ஆகாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, நான் சொல்றது இந்த எஸ்5ஓட மூக்கு வெயிட்ட பத்தி மட்டும் தான்.

இப்ப பிரேக். மூணுமே 1.7 டன்னுக்கு மேல, நம்ம ஊர் மே மாசத்துல 42, 43 டிகிரி தொடும், அந்த சூட்டுல 3.7 கிலோமீட்டர் ட்ராக்க வேகமா நாலஞ்சு ரவுண்டு அடிச்சா எந்த வண்டியா இருந்தாலும் கம்பெனி பேட் திணறும். டிஸ்க் ஓரம் நீலம் பாஞ்சிருக்கும், பேட கழட்டினா மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், பிடிக்காது. பிரேக் ஃப்ளூயிட் அத விட முக்கியம். டாட் 4ங்கற வகை ஃப்ளூயிடு புதுசா இருந்தா கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஆனா அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துகினே இருக்கும், ஈரம் சேந்த ஃப்ளூயிடுக்கு ஸ்டாண்டர்டு கேக்கறதே 155 தான். கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். எந்த வண்டி எடுத்தாலும் ட்ராக்குக்கு முன்னாடி புது ஃப்ளூயிடு, நல்ல பேட் போட்டுடுங்க, இதுக்கு ஆவற செலவு அந்த எக்ஸ்ட்ரா ஹெச்பிக்கு குடுக்கறதுல தூசு. டயர் காத்தையும் கம்மியா வெச்சு ஆரம்பிங்க, சூடானா அதுவே ஏறும். வீட்டுக்கு கெளம்பறப்ப திரும்ப சரி பண்ணிடுங்க.

ரோடுன்னு பாத்தா வாலாஜா தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனை வருஷமா வேலை நடக்குது, டைவர்ஷன்ல ராத்திரி ஒரு பள்ளம் வந்தா மெல்லிசு சைட்வால் டயர் வீங்கிடும், ரிம் வளைஞ்சிடும். எங்ககிட்ட அலைன்மென்ட்டுக்கு வர்றதுல பாதி இதுக்கு தான். மழையில நெடுஞ்சாலையில குடும்பத்தோட நிம்மதியா போறது மட்டும் தான் முக்கியம், ட்ராக் சும்மா ஆசைக்குன்னா எஸ்5 எடுங்க, தாராளமா எடுங்க.

எம்340ஐ செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டி பிளான்ட்லயே அசெம்பிள் ஆகுது, மத்த ரெண்டும் முழுசா இறக்குமதி. விலையில வர்ற வித்தியாசத்துல ட்ராக்குக்குன்னு தனியா ஒரு செட் ரிம்மும் டயரும் வாங்கிடலாம். டெஸ்ட் டிரைவுக்கு வண்டி வந்தா பைபாஸ்ல மட்டும் ஓட்டிட்டு விட்றாதீங்க, பின் சீட்ல அம்மாவ உக்கார வெச்சு உங்க தெரு ஸ்பீட் பிரேக்கர் மேலயும் ஒரு வாட்டி ஏத்தி பாருங்க.