முதலில் எது உடைய வேண்டும்? கிராலருக்கு ஆக்சிலும் லிங்க்கும் கடைவோருக்கு

கேள்வி: என்னிடம் 1:10 அளவுள்ள ரேடியோ கன்ட்ரோல் ராக் கிராலர் (பாறைமேல் மெல்ல ஏறும் மாதிரி வண்டி) இருக்கிறது. சின்ன லேத் ஒன்று வாங்கி, உடைகிற பாகங்களை நானே கடைந்து போடுகிறேன். சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) கம்பியில் செய்த பின்பக்க ஆக்சில் ஷாஃப்ட் மூன்றே ஓட்டத்தில் கயிறுபோல முறுக்கிக்கொண்டது. அலுமினியத்தில் செய்த நக்கிளில் (ஆக்சில் முனையில் சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பேரிங் ஆடுகிறது, சக்கரம் தள்ளாடிச் சுற்றுகிறது. லிங்க் (ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் தண்டு) முனையில் உள்ள எம்3 (3 மி.மீ) திருகு அடிக்கடி ஒடிகிறது. பேசாமல் எல்லாவற்றையும் நல்ல எஃகில் செய்துவிடலாமா? மில்லிங் மெஷின் இல்லாமல் இதெல்லாம் முடியுமா?

பதில்: செய்யலாம். செய்தால் அடுத்து உடைவது ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன் வீல் என்ற பெரிய கியரின் பல்லாக இருக்கும். அதை உங்கள் லேத்தில் கடைய முடியாது.

கிராலரில் டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) பூட்டியே இருக்கும். முன்னும் பின்னும் ஒரே கியர்பாக்ஸில் இணைந்திருக்கும். ஆகவே எந்தச் சக்கரம் மாட்டிக்கொள்கிறதோ அதை நோக்கி மொத்த முறுக்குவிசையும் ஓடும். மோட்டாரின் சுழற்சி சக்கரத்துக்கு வருமுன் முப்பது, நாற்பது மடங்கு குறைகிறது. முறுக்கு ஏறத்தாழ அத்தனை மடங்கு பெருகுகிறது. இந்த வரிசையில் எங்கோ ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அது எந்த இடம் என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் பாறை முடிவு செய்யும். எனவே உலோகத்தைத் தேர்வு செய்யும் முன், எது முதலில் போகட்டும் என்று ஒரு வரிசை எழுதிக்கொள்ளுங்கள். என் வரிசை இது: முதலில் சக்கர ஹெக்ஸை (சக்கரத்தைச் சுற்றும் ஆறுமுகத் துண்டு) ஷாஃப்டோடு பூட்டும் குறுக்குப் பின் (pin), அடுத்து லிங்க்கின் பிளாஸ்டிக் முனை, அப்புறம்தான் ஷாஃப்ட். கியர் கடைசி.

உங்கள் ஷாஃப்டின் கணக்கைப் பார்ப்போம். வண்டி 3 கிலோ, டயர் விட்டம் 120 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். முழு எடையும் ஒரே சக்கரத்தில் நின்று, ரப்பர் நன்றாகப் பிடித்தாலும் (உராய்வு எண் 1 என்று கொண்டால்) ஷாஃப்டுக்கு வருவது ஏறத்தாழ 1.8 நியூட்டன் மீட்டர். 5 மி.மீ எம்.எஸ். கம்பி நிரந்தரமாக முறுங்கத் தொடங்குவது சுமார் 3.5-ல். காகிதத்தில் தாங்க வேண்டும், தாங்கவில்லை. காரணம், டயர் பாறை இடுக்கில் செருகிக்கொண்டால் அங்கே உராய்வுக் கணக்கு செல்லாது; மோட்டார் திணறி நிற்கும் வரை தருகிற அத்தனையும் ஷாஃப்டில் இறங்கும். அதே 5 மி.மீ கம்பியை முன்பே கடினப்படுத்திய 4140 எஃகில் செய்தால் தாங்கும் அளவு 9 நியூட்டன் மீட்டரைத் தொடும். விட்டத்தைக் கூட்டினால் பலன் இன்னும் வேகமாக ஏறும், ஏனென்றால் முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. தலைகீழாக, 5 மி.மீ ஷாஃப்டை ஏதோ வசதிக்காக ஓரிடத்தில் 4 மி.மீ ஆக்கினால் பாதி பலம் போய்விடும்.

இனி அந்தப் பின். 12 மி.மீ ஹெக்ஸைப் பிடித்திருக்கும் 2 மி.மீ பின்னைச் சாதாரண இரும்பில் செய்தால் அது ஏறக்குறைய 4 நியூட்டன் மீட்டரில் அறுபடும். உங்கள் பழைய ஷாஃப்ட் அதற்கு முன்பே முறுங்கியது. 4140 ஷாஃப்ட் என்றால் பின்தான் முதலில் போகும். மின்சுற்றில் ஃபியூஸ் செய்கிற வேலை இது. நம்மில் பலர் செய்யும் தவறு, பின் வளைகிறதே என்று ஊசி பேரிங்கிலிருந்து உருவிய கடினமான ரோலரை அதன் இடத்தில் போடுவது. பின் பிழைத்துவிடும், பழி கியருக்குப் போகும். மென்மையான பின்னுக்கும் ஒரு தொல்லை உண்டு: அறுபடும்போது பிசிறி, துளைக்குள் இறுகிக்கொள்ளும். துளையின் இரு வாயையும் லேசாகச் சரிவாக்கி (சேம்ஃபர் செய்து) வைத்தால் தட்டி எடுப்பது சுலபம்.

ஷாஃப்ட் கடைவதில் என் முதல் ஆலோசனை, விட்டத்தைக் கடையாதீர்கள். 5 மி.மீ அளவுக்கே கிரைண்டிங் செய்து வரும் 4140 கம்பியை வாங்கி, முனைகளை மட்டும் வேலை செய்யுங்கள். அதன் கடினம் ராக்வெல் சி 28 முதல் 32 வரை இருந்தாலும் ஹைஸ்பீடு டூலே வெட்டும். நிமிடத்துக்கு 1,200 சுற்று போதும், கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள். சில்வர் ஸ்டீலும் நல்ல எஃகுதான், ஆனால் கடினப்படுத்தாமல் போட்டால் அதன் முழுப் பலன் கிடைக்காது. கடினப்படுத்தினால் மெல்லிய நீளக் கம்பி எண்ணெயில் முக்கும்போதே வளையும். டெம்பர் செய்யாமல் (மீண்டும் மிதமாகச் சூடாக்காமல்) விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும். முதல் ஷாஃப்டுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

வெளிமுனையை 3.9 மி.மீ ஆக்கி எம்4 டை (வெளிமரை வெட்டும் கருவி) ஓட்டுங்கள். முறுக்கு பின்னோடு நின்றுவிடுவதால் மரைப் பகுதிக்கு முறுக்குச் சுமை இல்லை. ஆனால் சக்கரம் பக்கவாட்டில் இடிபடும்போது வளைக்கும் சுமை அங்கே வருகிறது. 5-லிருந்து 4-க்கு இறங்கும் மூலையைக் கத்திபோல் கூராக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முனை ஆரம் 0.4 மி.மீ உள்ள டூலால் அந்த மூலையை வளைவாக்குங்கள். உள்முனையின் வடிவத்தைப் பழைய ஷாஃப்டிலிருந்து அளந்து அப்படியே எடுங்கள். அங்கே புதுமை தேவையில்லை.

மில்லிங் மெஷின் இல்லாமல் குறுக்குத் துளை போட ஒரு வழி உண்டு. டிரில்லைச் சக்கில் பிடியுங்கள், ஷாஃப்டை டூல் போஸ்டில் குறுக்காகக் கட்டுங்கள், தகடு வைத்து அதன் மையத்தை லேத்தின் மையத்துக்குச் சரியாக ஏற்றுங்கள். முதலில் சென்டர் டிரில், பிறகு 2 மி.மீ. டூல் போஸ்டைத் தாங்கும் கேரியேஜை நகர்த்தினால் ஷாஃப்டே டிரில்லை நோக்கி வரும். துளை 0.2 மி.மீ விலகினாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோகும். ஆகவே உயரத்தைப் பார்வையால் மதிப்பிடாமல் வெர்னியரால் அளந்து வையுங்கள்.

அடுத்தது நக்கிள். சக்கரத் தள்ளாட்டத்தின் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் 10 மி.மீ டிரில்லால் நேரடியாகத் துளையிட்டு 5×10×4 பேரிங்கைப் போட்டிருப்பீர்கள். டிரில் தன் அளவுக்கே துளை போடாது. கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கோணலாகத்தான் போடும். பேரிங் இருக்கை என்பது போரிங் பாரின் வேலை. 9 மி.மீ டிரில் ஓட்டி, பிறகு போரிங் பாரால் மெல்ல மெல்ல விரியுங்கள். கடைசி இரண்டு வெட்டுக்கு 0.1 மி.மீ-க்கு மேல் ஆழம் வேண்டாம். அதன்பின் அளவை மாற்றாமலே ஒருமுறை ஓட்டுங்கள். வளைந்து கொடுத்த போரிங் பார் மீதியை அப்போது எடுத்துவிடும்.

10.00 முதல் 10.01 மி.மீ வரை வந்தால் பேரிங் கட்டைவிரல் அழுத்தத்தில் உட்காரும். இதை வெர்னியரால் அளக்க முடியாது, வெர்னியர் துளைக்குள் பொய் சொல்லும். ஒரு துண்டு இரும்பில் 9.98, 10.00, 10.02 என மூன்று படிகள் கடைந்து மைக்ரோமீட்டரால் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு படி நுழைந்து மூன்றாவது நுழையாவிட்டால் வேலை முடிந்தது. அரை மணி நேரத்தில் செய்கிற அந்த அளவுக்கட்டை பல வருடம் உழைக்கும். தவறி 10.03 ஆகிவிட்டால் பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். பேரிங்கைப் பிடித்துவைக்கும் ரிடெய்னிங் காம்பவுண்ட் ஒரு சொட்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

அளவைவிட முக்கியம், இரு பேரிங்கும் ஒரே அச்சில் இருப்பது. ஒரு பக்கம் கடைந்து, திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடைந்தால் தவறு உறுதி. மூன்று தாடைச் சக் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் 0.05 முதல் 0.1 மி.மீ வரை மையம் விலகலாம். இரண்டு பேரிங்கும் சண்டை போட, ஷாஃப்ட் இறுகும், சக்கரம் ஆடும். பாகத்தை ஒரே பிடியில் வைத்து, ஒரே பக்கத்திலிருந்து 10 மி.மீ துளையைக் கடைசி வரை கொண்டுபோங்கள். உள் எல்லையில் மட்டும் 8 மி.மீ துளையுள்ள ஒரு படி விடுங்கள். முதல் பேரிங், நடுவே 10 மி.மீ வெளிவிட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டு, பிறகு இரண்டாவது பேரிங். படியும் குழாயும் பேரிங்கின் வெளி வளையத்தை மட்டுமே தொட வேண்டும். உள் வளையத்தில் உரசினால் பேரிங்கே பிரேக் போட்டதுபோல் இறுகிவிடும்.

பின்பக்க ஆக்சில் முனையில் வரும் லாக்-அவுட்டில் (திரும்பாத பின்சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இதை முதலில் பழகுங்கள். அது உருண்டையான பாகம், லேத்துக்கென்றே பிறந்தது. முன் நக்கிளில் கிங்பின் அச்சு (ஸ்டீயரிங்குக்காக நக்கிள் திரும்பும் அச்சு) ஷாஃப்ட் அச்சைச் செங்குத்தாக வெட்டிச் செல்ல வேண்டும். அதற்கு ஃபேஸ் பிளேட்டில் ஆங்கிள் பிளேட் கட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். முடியும், பொறுமை வேண்டும். வெளி வடிவத்துக்கு ஹேக்ஸாவும் அரமும் போதும், அங்கே 0.5 மி.மீ தவறினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. துளைகளையும் மரைகளையும் முடித்த பிறகே அழகுபடுத்துங்கள். நான் ஒரு நக்கிளைக் கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டுக் கடைசித் துளையில் எம்3 டேப்பை (உள்மரை வெட்டும் கருவி) ஒடித்தவன். அது இன்னும் என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

நக்கிளை எந்த உலோகத்தில் செய்வது? பலத்துக்கு 7075 அலுமினியம் தாராளம். 6061-ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விசை தாங்கும். ஆனால் முன் நக்கிளுக்கு நான் பித்தளையைத்தான் எடுப்பேன். அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு கனம். வேகமாக ஓடும் வண்டியில் ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் கூடுவது கெடுதி. கிராலரோ நடக்கிற வேகத்தில் போகிறது, அதனால் சக்கர மையத்துக்கு இறங்கும் ஒவ்வொரு கிராமும் வண்டி குப்புறக் கவிழாமல் பிடித்து வைக்கும். பின்பக்கம் அலுமினியமே இருக்கட்டும். ஏற்றத்தில் கனம் முன்னால் இருப்பதுதான் நமக்கு வேண்டும். பித்தளையில் துளையிடும்போது கூரான டிரில் கடித்துக்கொண்டு பாகத்தையே பிடுங்கும். டிரில்லின் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தட்டையாக்கிவிட்டால் அந்தத் தொல்லை போகும். எளிதில் வெட்டுப்படும் பித்தளையில் ஈயம் இருக்கும், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

லிங்க்கில் ஒடிவது எம்3 திருகு என்றீர்கள். அது ஒடியும் இடத்தைப் பாருங்கள்: லிங்க்கின் வாயிலேயே, முதல் மரையில் ஒடிந்திருக்கும். எம்3-ன் அடிவிட்டம் சுமார் 2.4 மி.மீ, எம்4-ல் 3.1. வளைவைத் தாங்குவதில் எம்4 இரண்டு மடங்குக்கும் மேல். ராட் எண்டில் (லிங்க்கின் பந்து மூட்டு முனை) இடமிருந்தால் எம்4-க்கு மாறுங்கள். இல்லையென்றால் எம்3-ஐ வைத்துக்கொண்டே, 2.5 மி.மீ டிரில் போட்டு டேப் செய்யும் முன் லிங்க் வாயில் 3 மி.மீ விட்டத்தில் 3 மி.மீ ஆழத்துக்கு ஒரு நேர்த்துளை போடுங்கள். திருகின் வெளிவிட்டம் அந்தத் துளைச் சுவரில் சாய்ந்துகொள்ளும், வளைக்கும் சுமை முழுவதும் முதல் மரையில் விழாது. உள்ளே குறைந்தது 8 மி.மீ மரை பிடிக்கட்டும். டேப்பை டெயில்ஸ்டாக்கில் தாங்கி, சக்கைக் கையால் சுற்றுங்கள். மோட்டாரைத் தொட வேண்டாம்.

லிங்க்குக்கு 6 மி.மீ கம்பி. நேரான லிங்க் என்றால் 7075. பாறையில் தட்டாமலிருக்க வளைத்துப் போடுவீர்கள் என்றால் 304 ஸ்டெயின்லெஸ். 7075-ஐ வளைத்தால் விரிசல் விடும். ஸ்டெயின்லெஸ்ஸில் டூலை ஓரிடத்தில் வெறுமனே உரசவிட்டால் மேற்பரப்பு இறுகி, அடுத்த வெட்டு இறங்காது. டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கையும் சிலர் விரும்புகிறார்கள்: பாறையில் வழுக்கிச் செல்லும், வளைந்தாலும் திரும்பி வரும், ஆனால் மரை பலவீனம். இடது வலது ஜோடியை ஒரே ஸ்டாப்பருக்கு எதிராக வைத்து நீளம் வெட்டுங்கள். தனித்தனியாக அளந்து வெட்டினால் ஆக்சில் கோணலாக உட்கார்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பழைய லிங்க்கின் நீளத்தைத் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை அளந்து, முதல் தடவை அதே அளவில் செய்யுங்கள். உலோகத்தையும் ஜியோமெட்ரியையும் ஒரே நேரத்தில் மாற்றினால், வண்டியின் நடத்தை மாறியதற்கு எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. கீழ் லிங்க்கை மட்டும் நீட்டினால் பினியன் (ஆக்சிலின் நுழைவுக் கியர்) கோணம் மாறி டிரைவ் ஷாஃப்ட் மூட்டு உதறும். மேல் லிங்க்கையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். முன்னால் பேன்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) இருந்தால், ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க்கும் (சர்வோவிலிருந்து நக்கிளுக்குப் போகும் தண்டு) அதுவும் ஒரே நீளம், ஒரே சாய்வில் இருக்க வேண்டும்.

அனோடைஸ் செய்யும் (அலுமினியத்தில் ஆக்சைடு படலம் ஏற்றும்) எண்ணமிருந்தால் பேரிங் இருக்கைகளை மூடிவிட்டு அனுப்புங்கள். அந்தப் படலத்தில் ஏறத்தாழ பாதி வெளிப்பக்கம் வளரும், நீங்கள் பாடுபட்டு எடுத்த 10.00 கையை விட்டுப் போய்விடும்.

லேத் ஓடும்போது கையுறை வேண்டாம், கண்ணாடி கட்டாயம். ஸ்டெயின்லெஸ் சுருளைக் கையால் இழுக்காதீர்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரங்களையும் கழற்றி, பின்களை உருவிப் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் வரிசை சரியாக அமைந்திருக்கிறது. நேராக இருந்து ஷாஃப்ட் முறுங்கியிருந்தால் நீங்கள் வாங்கிய கம்பி அநேகமாக முன்பே கடினப்படுத்திய 4140 அல்ல. பின்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் அறுபட்டால் 2 மி.மீ-ல் சற்றே கடினமான எஃகுக்குப் போங்கள், 2.5 மி.மீ துளைக்குப் போகாதீர்கள். ஷாஃப்ட் அங்கே ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. கம்பித் துண்டில் பத்துப் பின் வெட்டி, ஒரு பின் பஞ்ச்சோடு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.