மோதிரத்துக்காக மூன்றாவது டாப்-அப்பா?

கேள்வி: ஐந்து மாதத்தில் எனக்குக் கல்யாணம். சுற்றிலும் மரகதம் பதித்த ‘இட்டர்னிட்டி’ மோதிரத்தையே கல்யாண மோதிரமாகப் பார்த்து வைத்திருக்கிறோம். விலை என் இரண்டு மாதச் சம்பளம். பாதி வளையத்துக்கு மட்டும் கல் வைத்தால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்கிறார் மாமா. எனக்கு 15% வட்டியில் ஒரு தனிநபர் கடன் ஓடுகிறது. சம்பளத்தில் 22% தவணைக்குப் போகிறது, 20 தவணை பாக்கி. அதிலேயே டாப்-அப் (ஓடும் கடனோடு கூடுதல் தொகையும் சேர்த்துப் புதிதாகத் தவணை போடுவது) எடுத்தால் தவணை குறையும் என்கிறார்கள். முன்பே இருமுறை எடுத்திருக்கிறேன். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். மோதிரத்தைவிட என்னை உறுத்துவது அந்த ‘இருமுறை’தான்.

சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய கடனை முடிக்க 20 × 22 = 440. டாப்-அப் எடுத்தால், அசல் பாக்கி சுமார் 387, மோதிரத்துக்கு 200, ஆக 587. காலம் மறுபடி 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை சுமார் 20.35. குறைகிறது, உண்மைதான். ஆனால் மொத்தம் கட்டுவது 733. அதாவது 200 மதிப்புள்ள மோதிரத்துக்கு 293 தருகிறீர்கள், கட்டணங்கள் தனி. முதல் இரண்டு முறையும் இதேதான் நடந்திருக்கும். தவணை கனக்காததால் உங்களுக்கு உறைக்கவில்லை.

‘கல் வைத்த நகை முதலீடு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 5 சென்ட் (ஒரு கேரட்டில் நூறில் ஒரு பங்கு 1 சென்ட்) கற்கள் இருபது சேர்ந்தால் எடை 1 கேரட்தான். ஆனால் ஒற்றை 1 கேரட் கல்லுக்குக் கிடைக்கும் விலை அந்தச் சிறு கற்களுக்குக் கிடைக்காது. திருப்பி விற்கப் போனால் பெரும்பாலும் தங்கத்தின் எடைக்குத்தான் காசு.

அன்றாடம் போடவும் மரகதம் தோதில்லை. பெரும்பாலான மரகதங்களில் உள்விரிசலை எண்ணெயால் நிரப்பியிருப்பார்கள். அல்ட்ராசோனிக் முறையில் சுத்தம் செய்தால் அது வெளியேறலாம். முழுவட்ட மோதிரத்தில் உள்ளங்கைப் பக்கக் கற்கள் வாளிப் பிடி, வண்டிக் கைப்பிடி என்று எல்லாவற்றிலும் இடிபடும். விரல் பருத்தால் அளவு மாற்றுவதும் பெரும்பாடு. பாதி வளையம் என்றால் கல் இல்லாத அடிப்பக்கத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். கல் வேண்டும் என்றால் நீலக்கல் பாருங்கள். கல் கீறலை எவ்வளவு தாங்கும் என்று 10 வரை எண் தரும் மோஸ் அளவில் அதன் கடினம் 9, மரகதம் 7.5 முதல் 8.

மாமாவிடம் இந்த வெட்டி ஒட்டும் விஷயத்தையே சொல்லுங்கள், கஞ்சத்தனம் என்ற பேச்சுக்கு அதுவே பதில். இந்த ஐந்து மாதத்தில் கையில் சேரும் பணத்துக்குள் அடங்கும் பாதி வளையத்தை வாங்குங்கள். அடங்காவிட்டால் கல்லில்லாத வளையம் போதும். முழுவட்டம் ஏதாவது ஒரு திருமண நாளுக்கு, கடன் முடிந்தபிறகு. டாப்-அப் என்று அடுத்த அழைப்பு வரும்போது தவணை எவ்வளவு என்று கேட்காமல், கடைசித் தவணை எந்த மாதம் என்று கேளுங்கள்.