தெரியாது என்று ஒரு வாக்கு

அன்புள்ள ஐயா,

கோவையிலிருந்து வந்து மெல்போர்னில் குடியேறியவன் நான். 2023 தொடக்கத்தில் குடியுரிமை வாங்கினேன். பூர்வகுடிகளுக்கு ஓர் ஆலோசனை அமைப்பை அரசியல் சாசனத்தில் சேர்ப்பதா என்று அந்த அக்டோபரில் நடந்த ‘வாய்ஸ்’ பொதுவாக்கெடுப்புதான் என் முதல் வாக்கு. வேலை, கைக்குழந்தை என்று ஓடிக்கொண்டிருந்ததில் எனக்கு விவரம் எதுவும் தெரியாது. வீட்டு மனையெல்லாம் போய்விடும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். தெரியாவிட்டால் ‘நோ’ போடு என்றார்கள், போட்டேன். பூர்வகுடிகள் விவகாரம் நேற்று வந்த நமக்கு எதற்கு என்றும் தோன்றியது.

என் கேள்வி வேறு. இந்த நாட்டுக் கருத்துக்கணிப்புகளை நம்பலாமா? 2019 தேர்தலில் அத்தனையும் தவறின. 2025 தொடக்கத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன்தான் அடுத்த பிரதமர் என்பதுபோலப் பேசினார்கள். அவர் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். பொதுமக்கள் கருத்து என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? இல்லையென்றால் அபராதம் போட்டு வாக்களிக்க வைப்பதில் என்ன அர்த்தம்?

கே.எஸ்.,
மெல்போர்ன்

அன்புள்ள கே.எஸ்.,

கருத்துக்கணிப்பு பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2019-இல் கடைசி நேரக் கணிப்புகள் எல்லாமே தொழிற்கட்சிக்கு 51 முதல் 52 சதவீதம் என்றே வந்தன, ஆனால் அது தோற்றது. ஒன்றுகூட விலகவில்லை. இப்படி ஒரேபோல வருவது கணக்குப்படி நடக்கக்கூடியதே அல்ல என்று சொன்னவர் பிரையன் ஷ்மிட். இயற்பியலில் நோபல் பரிசு பெற்றவர், அப்போது ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பிறகு நடந்த ஆய்வில், கணிப்புகளுக்குப் பதில் சொன்னவர்களில் அரசியலில் ஆர்வமுள்ளவர்களும் படித்தவர்களும் அளவுக்கு மீறி இருந்தது தெரிந்தது. அதற்கப்புறம் முறைகளைத் திருத்தினார்கள். கணிப்பு ஒரு கருவி. நல்ல கருவியும் உண்டு, மோசமான கருவியும் உண்டு. கட்சிக்காரர்கள் அதற்குத் தரும் மரியாதைதான் அதிகப்படி. நியூஸ்போல் என்ற கருத்துக்கணிப்பில் தொடர்ந்து 30 முறை பின்தங்கியதைக் காரணம் காட்டி, 2015-இல் பிரதமர் டோனி அபட்டை இறக்கிவிட்டுப் பிரதமரானார் அவர் கட்சிக்காரரே ஆன மால்கம் டர்ன்புல். 2018-இல் அவரே 30-ஐத் தொட்டார், சில மாதங்களில் அவரையும் இறக்கினார்கள். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

கட்டாய வாக்களிப்புக்கும் ஒரு பத்தி போதும். 1922 தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் குறைவு. 1924-இல் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே 91 சதவீதம் பேர் வந்தார்கள். தேசியத் தேர்தலில் வராதவருக்கு இன்றும் அபராதம் 20 டாலர்தான். நீங்கள் நினைப்பதுபோல அது அரசாங்கத்தின் மிரட்டல் அல்ல. மருத்துவமனையில் இரவு வேலை பார்ப்பவரும் பழம் பறிப்பவரும்கூடச் சாவடிக்கு வந்தே தீருவார்கள் என்பதால், எந்தக் கட்சியும் அவர்களை மறந்துவிட்டுத் தேர்தலைச் சந்திக்க முடியாது. சனிக்கிழமையில் வாக்குப்பதிவு வைப்பதும் அதற்காகத்தான்.

என்னைத் தொட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. தெரியவில்லை, அதனால் ‘நோ’ போட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே இந்த ஒரு வரிதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் இதைச் சொன்னவர் நீங்கள் ஒருவர் அல்ல. ‘தெரியவில்லையென்றால் வேண்டாம் என்று போடுங்கள்’ என்பது எதிர்த்தரப்பு நாடு முழுக்கக் கொண்டுபோன கோஷம். பொதுமக்கள் கருத்து என்று ஒன்று உண்டா என்று கேட்கிறீர்கள். அந்த வாக்கெடுப்பில் உங்கள் கருத்து என்னவாக இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

2022-இல் கணிப்புகளில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள் வாய்ஸை ஆதரித்தார்கள். 2023 அக்டோபர் 14 அன்று ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வேண்டாம் என்று எழுதினார்கள். ஆறு மாநிலங்களும் நிராகரித்தன. கான்பெர்ரா உள்ள தலைநகரப் பிரதேசம் மட்டும் ஏற்றது. கடைசி வாரக் கணிப்புகள் இதைச் சரியாகவே சொல்லின, கணிப்புமீது பழிபோட இங்கே வழியில்லை. ஒன்றரை வருடத்துக்குள் லட்சக்கணக்கானவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து ஆதரிக்காத எந்தப் பொதுவாக்கெடுப்பும் இங்கே ஜெயித்ததில்லை என்பது ஒரு காரணம். தேசிய அளவில் பெரும்பான்மை, அதோடு நான்கு மாநிலங்களிலாவது பெரும்பான்மை என்று விதியே கடுமையானது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகர்ந்தவர்களில் எத்தனை பேர் எதையாவது தெரிந்துகொண்டு நகர்ந்தார்கள்? நீங்கள் தெரிந்துகொள்ளவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தெரிந்துகொள்ள என்ன தடை இருந்தது? அரசியல் சாசனத்தில் சேர்க்கச் சொன்னது சில வரிகள். பூர்வகுடிகளுக்கும் டோரஸ் நீரிணைத் தீவினருக்கும் ஓர் அமைப்பு இருக்கும். தங்களைப் பற்றிய விஷயங்களில் அது நாடாளுமன்றத்திடமும் அரசாங்கத்திடமும் தன் கருத்தைச் சொல்லலாம். அதன் உறுப்பினர்கள் யார், அதிகாரம் என்ன என்பதையெல்லாம் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தீர்மானிக்கும். இவ்வளவுதான். உங்கள் மனை இதில் எங்கே வருகிறது? தேர்தல் ஆணையம் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்பியது. ஆதரித்து 2,000 சொல்லுக்குள் ஒரு வாதம், எதிர்த்து 2,000 சொல்லுக்குள் ஒரு வாதம். உங்கள் தபால் பெட்டிக்கும் வந்திருக்கும். பல்பொருள் அங்காடி விளம்பரத் தாளோடு சேர்த்து அதையும் மறுசுழற்சித் தொட்டியில் போட்டீர்களா? குடியுரிமைத் தேர்வுக்காக ஒரு புத்தகத்தையே படித்தீர்கள். 20 கேள்விகள், அதில் விழுமியங்கள் பற்றிய ஐந்தில் ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று இரவெல்லாம் கண்விழித்திருப்பீர்கள். அது உங்களுக்குக் கிடைக்க வேண்டியது, படித்தீர்கள். இது அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டியது, நேரமில்லை. கோபப்படாதீர்கள் தம்பி, கைக்குழந்தை இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

நீங்கள் ‘நோ’ போட்டது என் பிரச்சினை இல்லை. ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ் பூர்வகுடிப் பெண், செனட்டர். இனத்தின் பெயரால் சாசனத்தில் பிரிவினை வேண்டாம் என்று எதிர்த்தார். லிடியா தோர்ப்பும் பூர்வகுடிச் செனட்டர்தான். ஆலோசனை சொல்லும் அமைப்பு போதாது, முதலில் பூர்வகுடிகளோடு அரசாங்கம் ஒப்பந்தம் போட வேண்டும் என்று நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து எதிர்த்தார். இவர்களில் ஒருவர் பேச்சைக் கேட்டு, சரி என்று பட்டு ‘நோ’ எழுதியிருந்தால் உங்களோடு உட்கார்ந்து வாதாடுவேன், மதிப்பேன். அதேபோல மறுபக்கத்தையும் கேட்டிருக்க வேண்டும். பாம் தீவில் நான்கில் மூன்று பங்கு பேர் வேண்டும் என்று எழுதினார்கள். வடக்கே வடேயிலும் திவி தீவுகளிலும் பெருவாரியாக வேண்டும் என்றார்கள். யாருக்காக அந்தக் கேள்வி கேட்கப்பட்டதோ அவர்களே அதிகம் வாழும் ஊர்கள் இவை. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விகூட உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழவில்லை.

மேற்கு சிட்னியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கர் இருந்தார். ஐம்பதுகளில் கப்பலில் வந்தவர், வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013 தேர்தலில் நியூ சவுத் வேல்ஸ் செனட் வாக்குச்சீட்டு ஒரு மீட்டர் அகலம், 110 வேட்பாளர்கள். எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் சாவடியிலேயே பிளாஸ்டிக் உருப்பெருக்கித் தாள் கொடுத்தார்கள். சீட்டின் நடுவே ஒரு கோடு, மேலே கட்சிகள், கீழே வேட்பாளர்கள். கோட்டுக்கு மேலே ஒரே ஒரு கட்டத்தில் 1 என்று எழுதிவிட்டு வந்துவிடலாம், பெரும்பாலானோர் அதைத்தான் செய்தோம். அவர் கோட்டுக்குக் கீழே 1-இலிருந்து 110 வரை நிரப்பினார். வீட்டிலேயே எல்லாக் கட்சித் துண்டறிக்கைகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒரு தாளில் வரிசை போட்டு எடுத்துவந்திருந்தார். அட்டைத் தடுப்புக்குள் குனிந்து, அந்தப் பிளாஸ்டிக் தாளை இடதுகையால் நகர்த்தி நகர்த்தி, பென்சிலால் எண் எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே, சாவடி வாசலில் சாசேஜ் விற்கும் வரிசை முடிந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். வந்தவரிடம், கடைசி எண்களெல்லாம் எதற்கு என்று கேட்டேன். யாரைக் கடைசியில் வைக்கிறேன் என்பது எனக்கு முக்கியம் என்றார்.

அவர்தான் 1967 பற்றி எனக்குச் சொன்னவர். சாசனத்தில் பூர்வகுடிகளை விலக்கிவைத்த இரண்டு இடங்களைத் திருத்தும் வாக்கெடுப்பு அது, 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு கிடைத்தது. அப்போது அவருக்குக் குடியுரிமை புதிது, ஆங்கிலம் அரைகுறை, விஷயம் சுத்தமாகத் தெரியாது. உங்களைப்போலவேதான். அவருடைய ஷிப்டில் ஒரு பூர்வகுடித் தொழிலாளி இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடமே போய், இது என்ன, உனக்கு இது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இந்த நாட்டு மக்கள்தொகையில் எங்களைச் சேர்த்து எண்ணுவதற்குக்கூடத் தடை எழுதிவைத்திருக்கிறார்கள், அதை எடுக்கத்தான் இது என்றாராம் அந்தத் தொழிலாளி. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றார் கிரேக்கர். 2023-க்கு முன்பே அவர் போய்விட்டார்.

எல்லோருக்கும் அப்படிக் கேட்க ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை. மக்கள்தொகையில் பூர்வகுடிகள் 3.8 சதவீதம். நம்மவர்கள் வாழும் புறநகர்களில் ஒரு பூர்வகுடிக் குடும்பத்தோடு உட்கார்ந்து டீ குடித்தவர்கள் எத்தனை பேர்? மக்கள் கருத்து பழக்கம் போகிற வழியில்தான் போகிறது. இதற்கு நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட ஓர் உதாரணமே இருக்கிறது. குவீன்ஸ்லாந்தில் பிலோயீலா என்று ஒரு சிற்றூர். இறைச்சித் தொழிற்சாலையும் நிலக்கரியும்தான் அங்கே பிழைப்பு, தொகுதி பெரும்பாலும் பழமைவாதிகள் பக்கம். 2018 மார்ச்சில் அங்கே வாழ்ந்த ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தை விடிகாலையில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தீவில் அடைத்தார்கள். படகில் வந்தவர்களை விடக்கூடாது என்பதுதான் நாடு முழுக்க நிலவிய கருத்து. அந்த ஊர்ப் பெண்கள் சிலர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கிளம்பினார்கள். மனுவில் லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. அகதிகள் சட்டம் பற்றி அந்தப் பெண்களுக்கும் முதலில் ஒன்றும் தெரியாதுதான். தெரியாது என்று கதவைச் சாத்தியிருந்தால் அந்தக் குழந்தைகளின் கதி என்ன?

அதே ஊர் அடங்கிய ஃப்ளின் தொகுதி 2023-இல் பெருவாரியாக வேண்டாம் என்றுதான் எழுதியது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன். தெரிந்த முகத்துக்காகத் தெருவில் இறங்கியவர்கள், முகம் தெரியாதவர்கள் கேட்டபோது தயங்கினார்கள். நேற்று வந்த நமக்கு எதற்கு என்று கேட்டீர்களே, நம் குடும்பத்துக்காக நின்ற ஊர்க்காரர்களுக்கு அந்தக் குடும்பம் என்ன உறவு? நம் ஆட்களுக்கு அடுத்தவர் ஆதரவு வேண்டும், அடுத்தவர் விஷயம் வந்தால் மட்டும் நாம் விருந்தாளிகள் ஆகிவிடுகிறோம். குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய அன்றே அந்த விருந்தாளி வேடம் முடிந்துவிட்டது.

இப்போது உங்கள் மாநிலத்துக்கு வருகிறேன். விக்டோரியா 2025-இல் பூர்வகுடிகளோடு ஒப்பந்தச் சட்டம் நிறைவேற்றிவிட்டது, இந்த நாட்டில் முதல் மாநிலம் அதுதான். ஆட்சிக்கு வந்தால் அதை ரத்து செய்வோம் என்கிறது எதிர்க்கட்சிக் கூட்டணி. 2026 நவம்பர் 28 அன்று உங்கள் மாநிலத் தேர்தல். கேள்வி மறுபடியும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது, இந்த முறை வீட்டு வாடகை, மின்கட்டணம், ரயில் பாதை என்று பத்து விஷயங்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு. சட்டத்தின் வாசகம் இணையத்தில் இருக்கிறது, குழந்தை தூங்கியபிறகு படியுங்கள். உங்கள் தொகுதி வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு, இதில் உங்கள் நிலைப்பாடு என்ன, ஏன் என்று கேளுங்கள். படித்தபிறகும் எதிர்க்கத் தோன்றினால் காரணத்தோடு எனக்கு எழுதுங்கள், ஒரு சொல் வெட்டாமல் வெளியிடுகிறேன். அந்த வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் போடுங்கள்.