பசுவின் உடம்பெங்கும் கழலைகள்: மற்ற மாடுகளைக் காப்பது எப்படி?

கேள்வி: கோப்பாயில் இரண்டு கறவைப் பசுக்களும் ஒரு கன்றும் வளர்க்கிறோம். ஒரு பசுவுக்கு நான்கு நாள்களாகக் கடும் காய்ச்சல். கழுத்திலும் முதுகிலும் கழலைகள் எழும்பியுள்ளன. இது அம்மாள் வருத்தம், ஊசி போடக்கூடாது என்கிறார் மாமனார். பாலைக் குடிக்கலாமா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா? மற்றவற்றுக்குத் தடுப்பூசி போடலாமா?

பதில்: நீங்கள் விவரிக்கும் குறிகள் எம்மவர் மாட்டுப் பெரியம்மை என்று சொல்லும் தோல் கழலை நோயை ஒத்திருக்கின்றன. பூச்சிக்கடி ஒவ்வாமையிலும் இப்படித் தடிப்புகள் எழும்பக்கூடும் என்பதால், உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்தியரை அழைத்து உறுதிப்படுத்துங்கள். ஆட்டம்மைக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு வைரசே இதற்குக் காரணம். 1929இல் ஆபிரிக்காவின் சாம்பியாவில் முதன்முதலில் அறியப்பட்ட இந்நோய், 2020இல் இலங்கைக்கும் வந்தது. இது மனிதருக்கு வரும் அம்மை அல்ல, பிள்ளைகளுக்குத் தொற்றாது. மாமனாரின் நம்பிக்கையோடு வாதிட வேண்டாம், வேப்பிலை கட்டுவதால் பசுவுக்குக் கேடில்லை. ஆனால் வைத்தியம் தாமதமாகக் கூடாது.

பாலை நன்கு கொதிக்கவைத்துக் குடிக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால் மட்டும், வைத்தியர் குறிப்பிடும் நாள்வரை அந்தப் பாலை மனிதருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வைரசைக் கொல்லும் மருந்து கிடையாது. காய்ச்சலைத் தணிப்பதும், கழலை வெடித்த புண்ணில் பற்றீரியாத் தொற்று ஏற்படாமல் பார்ப்பதுமே சிகிச்சை. பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்ளும். இறப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போவதில்லை. ஆனால் பால் குறைவதும் சினைப்பசு கன்று வீசுவதும் சிறுவளர்ப்பாளருக்குப் பெரிய இழப்பாகும். வாயிலும் புண் வந்தால் வைக்கோலைத் தின்னாது. கஞ்சியும் மென்மையான பசும்புல்லும் கொடுங்கள். புண்ணில் வேப்பெண்ணெய் பூசினால் இலையான் மொய்ப்பதும் புழு வைப்பதும் குறையும்.

நோயுற்ற பசுவை வேறு கொட்டிலில் கட்டியதும் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கின்றனர். நோயைக் காவுபவை பெரும்பாலும் இரத்தம் குடிக்கும் இலையான், நுளம்பு, உண்ணி ஆகியவை என்பதால், வேலிக்கு அப்பால் கட்டிய மாட்டையும் அவை எளிதில் சென்றடையும். ஆகவே சாணத்தை அன்றாடம் அகற்றி மூடிவைப்பதும், தேங்கிய நீரை வடிப்பதும், இயன்றால் நுளம்பு வலை கட்டுவதும், உண்ணிக்கு வைத்தியர் தரும் மருந்தைத் தெளிப்பதும் தனிமைப்படுத்தலைப் போலவே முக்கியம். மாரிகாலத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். உலர்ந்து உதிரும் பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிர்வாழும். அதைச் சாணக்குவியலில் சேர்க்காமல் எரித்துவிடுங்கள்.

காய்ச்சலுள்ள பசுவுக்குத் தடுப்பூசி போட வேண்டாம். மற்றப் பசுவுக்கும் கன்றுக்கும் போடலாமா என்பதை, உடல் வெப்பநிலையைப் பார்த்தும் கன்றின் வயதைக் கேட்டும் வைத்தியர் தீர்மானிப்பார். போட்டாலும் முழுமையான பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ மூன்று வாரம் எடுக்கும். அதற்குள் நோய் தோன்றினால், அது ஊசிக்கு முன்பே தொற்றியிருக்கக்கூடும். ஒவ்வொரு மாட்டுக்கும் புதிய ஊசி பயன்படுத்துமாறு கேளுங்கள், ஏனெனில் ஒரே ஊசியால் அடுத்தடுத்துக் குத்துவதும் நோயைப் பரப்பும். புண்கள் முற்றாக ஆறும்வரை எந்த மாட்டையும் விற்கவோ, அயல் வளவில் மேயவிடவோ, நாம்பனிடம் கொண்டுசெல்லவோ வேண்டாம்.