காலி டப்பா

அன்புள்ள சார்,

எனக்கு வயது 51. போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் முன்பு டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரையின் டோஸைக் கூட்டினார். அதே வாரம் ஜிம்மிலும் சேர்ந்தேன். தொடை, கெண்டைக்கால் எல்லாம் வலி. அந்த மாத்திரை தசையைத் தின்றுவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். ட்ரெய்னரும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். நாலே நாளில் வலி போய்விட்டது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு ஜிம்மைத் தொடரலாமா? புரோட்டீன் பவுடர் எடுக்கலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முதலில் திட்டிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், வைத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதா? ட்ரெய்னருக்குத் தண்டால் தெரியும். உங்கள் ரத்தக்குழாயில் என்ன படிந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதைப் படித்து முடித்ததும் டாக்டரைக் கூப்பிடுங்கள். பாதியிலேயே கூப்பிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

சாறு ருசியாகத்தான் இருக்கும், குடியுங்கள். மாத்திரையின் இடத்தில் அதை வைக்காதீர்கள். பவுடர் விஷயத்தையும் டாக்டரிடமே கேளுங்கள்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது ‘நாலே நாளில்’ என்ற உங்கள் வரி. கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ‘சாம்சன்’ என்று ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2020இல் முடிவு வந்தது. உங்களைப் போலவே ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை வகை) ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேர். ஆளுக்குப் பன்னிரண்டு டப்பா, மாதத்துக்கு ஒன்று. நாலில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின், 20 மில்லிகிராம். நாலில் மருந்தே இல்லாத போலி மாத்திரை. மீதி நாலும் காலி. மாத்திரை இருக்கிற மாதம் அது அசலா போலியா என்று தெரியாது. தினமும் தொந்தரவு எவ்வளவு என்று போனில் நூற்றுக்கு மார்க் போட வேண்டும். காலி டப்பா மாதங்களில் சராசரி 8. அசல் மாத்திரைக்கு 16.3. போலிக்கு? 15.4.

அந்தக் கடைசி இரண்டு எண்களை இன்னொரு தடவை பாருங்கள். மாத்திரை விழுங்கியபோது தொந்தரவு கூடியது உண்மை. கூடியதில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் போலிக்கும் வந்திருக்கிறது. நிறுத்தியபோதும் அப்படித்தான்: அசலை நிறுத்தினாலும் போலியை நிறுத்தினாலும் ஒரே மாதிரி குறைந்தது. உங்கள் நாலு நாள் இங்கே பிறழ் சாட்சியாகிவிடுகிறது. அந்த 60 பேரில் பாதிப்பேர் தங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு மாத்திரைக்குத் திரும்பினார்கள். யாரும் நடிக்கவில்லை. நீங்களும் நடிக்கவில்லை, தெரியும்.

சரி, ஜிம்? பழக்கமில்லாத உடம்பு ஸ்குவாட் போட்டால் இரண்டாம் மூன்றாம் நாள்தான் வலி உச்சத்துக்குப் போகும். மாத்திரையை நிறுத்திய அந்த நாலு நாளில் ஜிம்முக்குப் போனீர்களா? கடிதத்தில் அது இல்லை.

என் அப்பா தமிழாசிரியர். மருந்து டப்பாவுக்குள் எட்டாய் மடித்திருக்கும் தாளை விரித்து, பூதக்கண்ணாடியும் ஆங்கில அகராதியுமாக உட்கார்ந்து படிப்பார். மதியம் ‘நாசியா’ என்று படித்தால் சாயந்திரம் குமட்டும். பொறுத்துப் பார்த்த அம்மா, தாளை உருவி அடுப்பில் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கொடுக்க ஆரம்பித்தாள். குமட்டல் நின்றது. அப்புறம் ஒருமுறை சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் குதிகாலுக்கு மேலே நரம்பு சுண்டி இழுக்கிறது என்றார். வீசிங்குக்கு ஸ்டீராய்டு வேறு எடுத்துக்கொண்டிருந்தார். “வயசாச்சு சார், நடையைக் குறைங்க” என்றார் டாக்டர். அந்த வகை ஆன்டிபயாட்டிக் தசைநாரைக் கெடுக்கும், அறுந்துபோகக்கூடச் செய்யும், அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. அப்பா அந்தத் தடவை எதையும் படித்திருக்கவில்லை. தாள் அடுப்புக்குப் போய்விட்டது.

அதனால்தான் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஸ்டாட்டினும் அரிதாகத் தசையை நிஜமாகவே சிதைக்கும். செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 2001இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதே அதற்காகத்தான். வலியோடு பலவீனமும் சேர்ந்து, சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. மற்றபடி டாக்டர் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தரலாம்; தசை சிதைந்தால் அதில் எண் ஏறும். கடுமையாக உடற்பயிற்சி செய்தாலே அந்த எண் ஏறும் என்பதால், ஜிம்மில் சேர்ந்ததை அவரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் கொடுப்பதற்கு முன் எத்தனை நாள் போகாமல் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டோஸைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவது என்று அவரிடம் வழிகள் இருக்கின்றன.

ஜிம்மைத் தொடரலாமா என்றுதானே கேட்டிருந்தீர்கள்? தொடரலாம் என்றுதான் நினைக்கிறேன். அதையும் அவரே சொல்லட்டும்.