இஷ்ல்: உப்பு வளர்த்த ஊர்

கேள்வி: மகள் மியூனிக்கில் வேலை பார்க்கிறாள். வருகிற ஆகஸ்டில் நானும் கணவரும் அவளிடம் போகிறோம். ஆஸ்திரியப் பேரரசி சிசியைப் பற்றிய தொடர் ஒன்றைப் பார்த்ததிலிருந்து, அவளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த பாட் இஷ்ல் ஊரைப் பார்க்க எனக்கு ஆசை. “அது வயதானவர்கள் போய்க் குளிக்கிற ஊர், பக்கத்திலிருக்கும் ஏரிக்கரை ஊர் ஹால்ஷ்டாட் மட்டும் போதும்” என்கிறாள் மகள். கணவருக்கு 67 வயது, முழங்கால் வலி. அங்குள்ள உப்புநீர்க் குளியலில் குணமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகலாமா? எத்தனை நாள் தங்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தாராளமாகப் போங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். நான் முதல்முறை போனபோது மகள் சொல்வதைப் போலத்தான் செய்தேன். ஹால்ஷ்டாட்டுக்குப் போகிற வழியில் மூன்று மணி நேரம் ஒதுக்கி, அரண்மனைக்கு ஓடி, ஒரு கேக் தின்றுவிட்டு ரயிலேறினேன். ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டாம் முறை நிதானமாகத் தங்கியபோதுதான், அந்த ஊரில் சக்கரவர்த்தியைவிட மூத்தது உப்பு என்பது புரிந்தது.

இஷ்லின் உப்புச் சுரங்கம் 1563-இல் தொடங்கியது. நம் உப்பளங்களில் வெயில் செய்கிற வேலையை ஆல்ப்ஸில் விறகுதான் செய்ய வேண்டும். மலைக்குள் அறை குடைந்து, நன்னீரை விட்டு, பாறையிலிருக்கும் உப்பைக் கரைத்து, அந்த நீரைக் கீழே கொண்டுவந்து கொப்பரைகளில் காய்ச்சினார்கள். காய்ச்சக் காய்ச்சக் காடு தீர்ந்தது. மரத்தை உப்பிடம் கொண்டுவருவதைவிட உப்புநீரை மரம் இருக்கும் இடத்துக்கு அனுப்புவது சுலபம் என்று கணக்குப் போட்டார்கள். 1595 முதல் 1607 வரை ஹால்ஷ்டாட்டிலிருந்து இஷ்ல் வழியாக எபன்ஸே வரை சுமார் 40 கிலோமீட்டருக்குக் குழாய்ப்பாதை போட்டார்கள். குழாய் என்றால் இரும்பில்லை. நடுவே துளையிட்ட மரங்கள், ஏறக்குறைய 13,000.

அந்த உப்புநீரை மருந்தாக்கியது அரண்மனை வைத்தியர் அல்லர். உப்புத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்த யோசெஃப் கோட்ஸ், அவர்களுடைய மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் உப்புநீர்க் குளியல் கொடுத்துப் பார்த்தார். வியன்னாவில் பெயர் பெற்ற மருத்துவர் ஃபிரான்ஸ் விரர் இதைக் கேள்விப்பட்டுத் தன் பணக்கார நோயாளிகளை அனுப்பினார். 1823 முதல் இஷ்ல் குளியல் ஊர். ஊர்ப்பெயருக்கு முன்னால் ‘குளியல்’ என்று பொருள்படும் ‘பாட்’ சேர்ந்தது 1906-இல்தான்.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது ஒரு பிள்ளை வரம். ஆஸ்திரிய அரச குடும்பத்து மருமகளான இளவரசி சோஃபிக்குத் திருமணமாகி ஆண்டுகள் ஓடியும் குழந்தை தங்கவில்லை. மருத்துவர்கள் சொல்லி இஷ்லில் வந்து உப்புநீர்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். 1830 ஆகஸ்ட் 18 அன்று, பின்னாளில் சக்கரவர்த்தியான ஃபிரான்ஸ் யோசெஃப் பிறந்தார். 1832-இலும் 1833-இலும் அடுத்தடுத்து இரண்டு ஆண் குழந்தைகள். ‘உப்பு இளவரசர்கள்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. உப்புதான் காரணமா, ஓய்வா, காலமா என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஒரு ஊருக்கு இதைவிட நல்ல விளம்பரம் வாய்க்காது.

இனி உங்கள் சிசி. 1853 ஆகஸ்டில் சோஃபி தன் 23 வயது மகனுக்குப் பெண் பார்க்கத் தங்கையை இஷ்லுக்கு வரவழைத்தார். பார்க்க வந்தது தங்கையின் மூத்த மகள் ஹெலெனாவை. மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போனது கூட வந்த 15 வயது சிசியை. நம் முறைப்படி அவர்கள் அண்ணன் தங்கை, அங்கே மணமக்கள். இரண்டு நாள் பேச்சில் காரியம் முடிந்து, ஆகஸ்ட் 19 அன்று நிச்சயமாகிவிட்டது.

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். அந்த நிச்சயதார்த்தம் கைஸர்வில்லா அரண்மனையில் நடக்கவில்லை. அதைச் சோஃபி பிறகுதான் திருமணப் பரிசாக வாங்கிக் கொடுத்தார். விஷயம் நடந்த இடம் டிரவுன் ஆற்றங்கரை நடைபாதையிலுள்ள ஸேயவர் வீடு. இப்போது அது ஊர் அருங்காட்சியகம். அரண்மனைக்கு வருகிற கூட்டம் அங்கே வருவதில்லை. உங்களுக்கு அது வசதி. உப்பின் கதையும் அதே கட்டடத்தில் இருக்கிறது.

அரண்மனைக்கும் போகத்தான் வேண்டும், ஆனால் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பட்டும் கண்ணாடியும் எதிர்பார்த்துப் போனால், சுவர் முழுக்க மான்கொம்பும் ஆட்டுக்கொம்பும்தான் வரவேற்கும். சக்கரவர்த்திக்கு வேட்டைப் பைத்தியம். வாழ்நாளில் சுட்டவை சுமார் ஐம்பதாயிரம் உயிர்கள். அவர் சுட்ட இரண்டாயிரமாவது மலையாட்டைப் பாடம் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் கண்ணாடிக் கண்ணை நேருக்கு நேர் பார்த்த பிறகு எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் படிப்பறையில் மட்டும் அவசரப்படாதீர்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். கூட்டம் நகரும்போது நீங்கள் கடைசி ஆளாக நில்லுங்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. ‘என் மக்களுக்கு’ என்று தொடங்கும் அறிக்கையை 1914 ஜூலை 28 அன்று அவர் இங்கே வைத்துத்தான் வெளியிட்டார். செர்பியா மீதான போர். அது உலகப் போரானது. “அனைத்தையும் ஆராய்ந்தேன், சீர்தூக்கிப் பார்த்தேன்” என்று அதில் ஒரு வரி வருகிறது. இரண்டு நாள் கழித்து வியன்னாவுக்கு ரயிலேறினார். பிள்ளைப் பருவத்திலிருந்து கோடைதோறும் வந்த மனிதர் 1916-இல் சாகும்வரை இஷ்லுக்குத் திரும்பவே இல்லை. சிசி தொடர்களில் இந்த மேஜை வருவதில்லை.

ஆற்றின் மறுகரையில் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லேஹார் 1912-இல் வாங்கிய வீடு இருக்கிறது. 1948-இல் அங்கேயே இறந்தார், வீட்டை ஊருக்கு எழுதிவைத்தார். கோடையில் அவர் பெயரில் இசைநாடக விழா நடக்கும். ஆகஸ்டில் போகிறீர்கள், ஒரு மாலை டிக்கெட் எடுங்கள். அவருக்குப் பாட்டெழுதிய ஃபிரிட்ஸ் லோனர்-பேடா யூதர். 1942-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். இனிமையான மெட்டுகளைக் கேட்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

முழங்காலுக்கு வருவோம். குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் உடல் மிதக்கும், மூட்டின் மீது பாரம் குறையும், தசை தளரும். வலி சற்று அடங்கும். தேய்ந்த மூட்டு வளராது. உங்கள் கணவருக்கு இதயத் தொந்தரவோ ரத்த அழுத்தமோ இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இருபது நிமிடம் போதும். காலில் சிராய்ப்பு இருந்தால் உப்பு எரிச்சல் உயிரை எடுத்துவிடும். நீச்சல் உடை கட்டாயம். புடவையோ வேட்டியோ அனுமதியில்லை. இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன்: அங்கே நீராவிக் குளியல் பகுதி தனி. அதில் ஆணும் பெண்ணும் உடையில்லாமல்தான் இருப்பார்கள். பலகையைப் படிக்காமல் கதவைத் திறந்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

வழி: மியூனிக்கிலிருந்து ரயிலில் சால்ஸ்பர்க். அங்கிருந்து 150-ஆம் எண் பஸ், ஒன்றரை மணி நேரம். இடதுபுறம் ஜன்னலோரம் உட்காருங்கள். வழியில் வரும் இரண்டு ஏரிகளும் அந்தப் பக்கம்தான். முன்பு அதே வழியில் ஒரு குட்டி ரயில் ஓடியது. 1957-இல் நிறுத்திவிட்டார்கள், ஊர்க்காரர்கள் இன்னும் அதைப் பற்றிப் புலம்புவார்கள். மகளின் ஹால்ஷ்டாட்டை விட வேண்டாம்: இஷ்லிலிருந்து காலை ரயிலில் போய்ப் படகில் ஏரியைக் கடந்து, பகல் கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடலாம்.

நடக்க முடிந்தால் ஆற்றங்கரைப் பாதை முழுக்கச் சமதளம். பத்தடிக்கு ஒரு பெஞ்சு. முடியாவிட்டால் 1832-இல் தொடங்கிய ஸௌனர் இனிப்புக் கடையில் உட்காருங்கள். அவர்கள் பெயரிலேயே ஒரு பண்டம் இருக்கிறது: மொறுமொறுத் தகட்டுத் துண்டுகள், ஹேசல் கொட்டை, மேலே சாக்லேட். ஒரு துண்டு இருவருக்குத் தாங்கும். முட்டை சேர்க்காதவர் என்றால் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். ஆகஸ்ட் 18, அந்தப் பழைய சக்கரவர்த்தியின் பிறந்தநாளை ஊர் இன்றும் கொண்டாடுகிறது. தேவாலயத்தில் பூசை நடக்கும், மீசை வைத்த பெரியவர்கள் பழைய சீருடையில் வருவார்கள். அந்த வாரம் போனால் வேடிக்கைக்குக் குறைவில்லை, அறைக்குத்தான் பஞ்சம்.