பழைய .303 லீ-என்ஃபீல்டுக்குத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா? காசு மிச்சமாகுமா?

கேட்டவர் கனடாவில் இருக்கிறார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். கடையில் .303 தோட்டா விலை கையைக் கடிக்கிறதாம். நானும் ஒன்டாரியோவாசிதான். என்னிடம் இருப்பதும் அதே நம்பர் 4, டொரன்டோ பக்கத்து லாங் பிராஞ்ச் ஆலையில் 1943-ல் செய்தது. ஆறேழு வருஷமாக அதற்கு நானே தோட்டா நிரப்பிக்கொள்கிறேன்.

நிரப்பலாம். ஆனால் காசு மிச்சமாகும் என்று மட்டும் நம்பி இறங்காதீர்கள். பிரஸ், டை (பிரஸ்ஸில் மாட்டிக் கூட்டை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு, மைக்ரோமீட்டர் என்று முதலில் போடும் பணம் திரும்பி வரவே சில வருஷம் ஆகும். அதற்குள் இரண்டு மடங்கு சுட ஆரம்பித்திருப்பீர்கள்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் .303 தனியார் வைத்துக்கொள்ளக் கூடாத அளவு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். என்.சி.சி.யில் டிரில்லுக்குத் தூக்கித் தோள் வலித்த ஞாபகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் பழக்கமும் அங்கேதான் ஆரம்பித்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு தோட்டாவில் நான்கு பகுதி: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். அதைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். புதிதாக வருகிற எல்லோரும் மருந்தைப் பற்றித்தான் பயப்படுவார்கள். மருந்துக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் போட்டிருக்கும் குறைந்த அளவில் தொடங்கினால், ஒரே கூட்டில் இரண்டு தடவை கொட்டாமல் பார்த்துக்கொண்டால், அந்தப் பக்கம் பெரிதாகத் தொல்லை இல்லை. (மருந்தைக் கிரெய்ன் என்ற எடையில்தான் அளப்பார்கள், எத்தனை கிரெய்ன் என்று என்னைக் கேட்காதீர்கள். இணையத்தில் எவனோ எழுதின அளவை நம்பி மருந்து போடக் கூடாது, என்னையும் சேர்த்துத்தான்.) .303-ல் நம்மைக் கவிழ்ப்பது கூடு.

இந்தத் துப்பாக்கி சேற்றில் கிடந்தாலும் சுடவேண்டும் என்று செய்தது. மண் ஒட்டின தோட்டாவும் உள்ளே போகவேண்டும், சுட்ட கூடு மாட்டிக்கொள்ளாமல் வெளியே வரவேண்டும். அதனால் பேரலில் தோட்டா உட்காரும் இடத்தை, அதாவது அறையை, தாராளமாகவே குடைந்தார்கள். ராணுவத்துக்கு ஒரு கூடு ஒரு தடவை சுடத்தான், பிறகு அது எப்படி உப்பினால் அவர்களுக்கென்ன? தோட்டாவை இடத்தில் நிறுத்துவது அடியில் இருக்கும் விளிம்பு, அதாவது ரிம். ரிம்மின் தடிமன் அதிகபட்சம் 0.064 அங்குலம். அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவே அதற்கு விட்டிருக்கும் இடம் 0.074 அங்குலம் வரை போகலாம் என்பது ராணுவக் கணக்கு. வித்தியாசம் கால் மில்லிமீட்டர். இப்போது கடையில் கிடைக்கும் கூடுகளில் ரிம் இன்னும் மெல்லிசாக இருப்பதால் இடைவெளி அதற்கும் மேலே போகும். போதாததற்கு இதன் போல்ட், பூட்டுவது பின்பக்கத்தில். சுடும்போது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

சுட்டவுடன் கூட்டின் முன்பாதி அறைச் சுவரில் அப்பிக்கொள்ளும், அடிப்பாகம் பின்னால் தள்ளப்படும். நடுவில் பித்தளை இழுபடும். நாம் திரும்ப, கூடு முழுவதையும் சுருக்கும் முழு டையில் போட்டு அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவோம். அடுத்த தடவை மறுபடி இழுபடும். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான்.

எனக்கு அதே கூட்டை ஐந்தாவது தடவை சுட்டபோதே ஒடிந்தது. சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. போல்ட்டை இழுத்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு அடிப்பாகம் மட்டும் வெளியே வந்து விழுந்தது. மீதி உள்ளேயே. அடுத்த தோட்டா பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உடைந்த கூட்டை இழுப்பதற்கென்றே ஒரு சின்னக் கருவி உண்டு, அது அவர் பெட்டியில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, மேசையில் இருந்த காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கி மாதிரி வளைத்து, என்னுடைய மற்ற காலிக் கூடுகளுக்குள் விட்டு உள்சுவரைத் தடவினார். ரிம்முக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே கொக்கி எதிலோ தட்டுப்பட்டு நின்றது. உள்ளே சுற்றிவர ஒரு பள்ளம். இருபதில் பதினொன்றில் அந்தப் பள்ளம் இருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று புதிது மாதிரிதான் இருந்தன.

அன்றிலிருந்து முழு டை பக்கம் போவதில்லை. கழுத்தை மட்டும் சுருக்கும் டைதான். உடம்பை என் அறையின் வடிவத்திலேயே விட்டுவிடுவேன். அந்தக் கூடு வேறு எந்தத் துப்பாக்கியிலும் போகாது, போகவும் வேண்டாம். புதுக் கூட்டை முதல் தடவை சுடும்போது ரிம்முக்கு முன்னால் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் மாட்டுவேன். அது கூட்டைப் போல்ட்டோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், இழுபடுவது குறையும். நம்பர் 4-க்குப் போல்ட் தலை 0, 1, 2, 3 என்று எண் போட்டு வரும், எண் ஏற ஏற நீளம் கூடும். பெரிய எண்ணாக வாங்கி மாட்டலாம்தான், ஆனால் முதலில் அந்த இடைவெளியை கேஜ் வைத்து யாரையாவது அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் குண்டு. பெயர் .303 என்பதால் குண்டும் 0.303 அங்குலம் என்று நினைத்துவிடாதீர்கள். பேரலின் உட்சுவரில், குண்டைச் சுழற்றிவிட, திருகு மாதிரி மேடும் பள்ளமும் இருக்கும். 0.303 என்பது மேட்டுக்கு மேடு இருக்கும் அளவு. குண்டு பள்ளத்தையும் நிரப்பவேண்டும், அதனால் 0.311, 0.312 என்றுதான் விற்பார்கள். போர்க்காலப் பேரல்களில் பள்ளம் 0.314, 0.315 வரைக்கும் போகும். மிருதுவான ஈயக் குண்டு ஒன்றை எண்ணெய் போட்டுப் பேரலில் அடித்து இறக்கி அளந்தால் தெரியும். அளப்பதுதான் வேடிக்கை. என் பேரலில் ஐந்து பள்ளம், ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும், மைக்ரோமீட்டரை எப்படிப் பிடித்தாலும் தப்பு அளவு. கடைசியில் மெல்லிய தகட்டுப் பட்டையை ஈயத்தைச் சுற்றி இறுக்கி அளந்து, பட்டையின் தடிமனை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கழித்தேன். 0.314 வந்தது. போர் அவசரத்தில் இரண்டே பள்ளத்தோடு செய்த பேரல் உங்களுடையதாக இருந்தால் இந்த அவஸ்தை இல்லை. 0.311 செம்பு உறைக் குண்டு எனக்கு நூறு கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறியது. 0.315 ஈயக் குண்டைக் குறைந்த வேகத்தில் விட்டால் டீ சாசருக்குள் நிற்கிறது. தோளுக்கும் இதம்.

பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் அந்தக் கூட்டைத் திரும்ப நிரப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் வேண்டாம். அவற்றில் பெர்டன் பிரைமர் இருக்கும், அடியில் இரண்டு பொடி ஓட்டை, நம் டையின் ஊசியால் பழைய பிரைமரைத் தள்ள முடியாது. நாம் நிரப்புவது நடுவில் ஒரே ஓட்டை உள்ள பாக்ஸர் ரகம். பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கொண்டது, பிரிட்டிஷ் ராணுவம் பெர்டனை எடுத்துக்கொண்டது. தவிர பழைய பிரைமர் எரிந்தால் பேரலில் உப்புப் படியும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடாவிட்டால் ஒரு வாரத்தில் துரு.

பழைய பிரிட்டிஷ் தோட்டாக்களில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தூளோ மணியோ இருக்காது, வேகாத சேமியா மாதிரி குச்சி குச்சியாக இருக்கும். அதுதான் கார்டைட். கார்ட் என்றால் கயிறு, பெயரே அதிலிருந்து வந்தது. குறுகின கழுத்து வழியாக அந்தக் குச்சிக் கட்டை நுழைக்க முடியாதே என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கூடு நேராக இருக்கும்போதே கட்டை உள்ளே வைத்துவிட்டு, பிறகுதான் கழுத்தைச் சுருக்குவார்களாம். குன்னூருக்கு மேலே, மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில் இருக்கும் வெடிமருந்து ஆலையை வெள்ளைக்காரர்கள் கட்டினது இந்தக் கார்டைட்டுக்காகத்தான். அந்த ஸ்டேஷனில் சின்ன வயதில் எத்தனையோ தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து கடந்திருக்கிறேன், அப்போது தெரியாது.

உங்கள் கையில் இருக்கும் காலிக் கூடுகளை இன்றைக்கே ஒரு கிளிப்பை வளைத்துத் தடவிப் பாருங்கள். கொக்கி தட்டுப்பட்டால் அதைச் சுத்தியலால் நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போடவேண்டும். இல்லாவிட்டால் மறதியில் திரும்ப நிரப்பிவிடுவோம், நான் ஒரு தடவை நிரப்பியிருக்கிறேன்.